தண்ணீரை விறகு விலைக்கு வாங்குவது

விறகு லாரி உள்ளே வந்தால் எடைமேடைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே நான் லாரியின் மேல் ஏறிவிடுவேன். இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டுவேன். காய்ந்த கட்டை கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை தொண்டை கட்டியவனைப் போல முனகும். மண்டியில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஆனாலும் லாரி ஓட்டுநர் ஒருவர் கேட்டுவிட்டார்: "ஏனுங்க, விறகு வாங்குகிறீர்களா, தவில் வாங்குகிறீர்களா?"

திருப்பூரைச் சுற்றியுள்ள சாய ஆலைகளில் 22 ஆண்டுகளாகப் பாய்லர் வேலை பார்க்கிறேன்; விறகை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கித் தருகிற வேலை. சாம்பல் அள்ளுகிற உதவியாளாகச் சேர்ந்து, இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதி, ஆபரேட்டராக இருந்து, இப்போது நாலைந்து ஆலைகளுக்குச் சுற்றுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறவனாக இருக்கிறேன். இந்த ஊரில் நூல் விலையைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. டாலர் மதிப்பு காலையில் எத்தனை பைசா ஏறியது என்று பேக்கரிக்காரருக்குக்கூடத் தெரியும். ஆலையின் பின்கோடியில், கழிப்பறைக்கும் பழைய இரும்புக் குவியலுக்கும் நடுவில் நிற்கிற பாய்லர் கொட்டகையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பனியன் துணியை 95 டிகிரியில் வெளுப்பதும், 60 டிகிரியில் சாயம் ஏற்றுவதும், பாலியஸ்டர் என்றால் 130 டிகிரிக்குக் கொண்டுபோவதும், கடைசியில் உலர்த்துவதும் எல்லாம் அந்தக் கொட்டகையின் சூட்டில்தான்.

முதலில் ஈரத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சமும் ஈரமில்லாத விறகு, கிலோவுக்குத் தோராயமாக 4,400 கிலோகலோரி சூடு தரும். அப்படிப்பட்ட விறகு லாரியில் வராது. நன்றாகக் காய்ந்தது என்று நாம் சொல்கிற கட்டையிலும் 20 சதவீதம் ஈரம் இருக்கும். வெட்டிப் பத்து நாள்கூட ஆகாத சீமைக் கருவேலமோ சவுக்கோ என்றால் 45 சதவீதம் இருக்கலாம். பத்து டன் என்று எடைமேடை சொன்னால் அதில் நாலரை டன் தண்ணீர். அந்தத் தண்ணீர் எரிவதில்லை என்பதோடு தொல்லை முடிவதில்லை. அதையும் கொதிக்கவைத்து, ஆவியாக்கி, புகைபோக்கி வழியாக அனுப்பிவைக்கும் செலவும் நம்முடையது. ஒவ்வொரு கிலோ ஈரத்துக்கும் சுமார் 600 கிலோகலோரி. கழித்துப் பார்த்தால் காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,400 மிஞ்சும். ஈர விறகில் 2,150. காய்ந்த விறகுக்கு 100 ரூபாய் நியாய விலை என்றால், ஈர விறகுக்கு 63 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது.

நான் போய்வந்துகொண்டிருந்த ஓர் ஆலையின் முதலாளி, டன்னுக்கு 300 ரூபாய் குறைத்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான். பேரம் பேசுவதில் அவருக்கு நிகர் அவரே. பொங்கலுக்குக் கரும்பு வாங்கினாலும் ஒரு கரணையாவது கூடுதலாக வாங்காமல் வண்டியை விடமாட்டார். கணக்கைச் சொன்னேன், நம்பவில்லை. சரி என்று லாரியிலிருந்து ஐந்தாறு இடங்களில் சிராய் வெட்டி எடுத்து, சாய அறையிலிருந்த மின்னணுத் தராசில் எடை பார்த்துக் குறித்தேன். பாய்லரின் மேல்தகட்டில், ஸ்டீம் குழாய்க்குப் பக்கத்தில் அவற்றைப் பரப்பி வைத்தோம். மறுநாள் மாலை வரை அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை இனி இறங்காது என்று ஆனபோது முதலாளியைக் கூப்பிட்டேன். 500 கிராம் வைத்தது 290 கிராம் இருந்தது. அவர் தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிராயை முகர்ந்து பார்த்தார். "மீதி எங்கே போச்சு, மாப்பிள்ளை?" என்றார். மேலே கையைக் காட்டினேன்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தகரக் கூரையும், கட்டைகளைக் காற்று புகுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிற பொறுமையும், இரண்டு மாதச் சரக்கை முன்கூட்டி வாங்கிப்போடும் பணமும் போதும். மூன்றாவதுதான் கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் நமக்கு இலவசமாக வருகிற காற்றைப் போல ஓர் உலர்த்தி எங்கும் கிடைக்காது. அந்தக் காற்றைத் துணி கொடியிலிருந்து பறக்காமல் இருக்கக் கிளிப் போடுவதற்கு மட்டும் நினைவுவைத்துக்கொள்கிறோம். ஐப்பசியில் மழை இறங்கிய பிறகு, திறந்த வெளியில் குவித்துக்கிடக்கும் விறகைப் பார்த்துத் தலையில் கைவைக்கிறோம்.

விறகு சரியாக இருந்துவிட்டால் அடுத்தது அதைப் போடுகிற கை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கவுந்தப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். இளவயதில் வெல்லம் காய்ச்சும் ஆலையில் அடுப்பு எரித்தவர். கரும்புச் சக்கை போட்ட மாத்திரத்தில் எரிந்துபோகும். கொப்பரைக்கு அடியில் சூடு ஒரே சீராக இருக்கவேண்டும் என்றால் விடாமல் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் கூடினால் பாகு கருகும். குறைந்தால் பதம் வராது. அந்தக் கையோடு அவர் பாய்லருக்கு வந்தார். மற்றவர்கள் 25 நிமிடத்துக்கு ஒரு முறை கதவை ஆவென்று திறந்து, தூக்க முடியாத கட்டைகளாக ஏழெட்டைத் தள்ளிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போவார்கள். அவர் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு தடவை இடப்பக்கம், அடுத்த தடவை வலப்பக்கம் என்று இரண்டு மூன்று கட்டைகளைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அழுத்தமானியின் முள் அவர் ஷிப்டில் அசையாமல் நிற்கும். மற்றவர்கள் ஷிப்டில் ஊஞ்சல் ஆடும்.

கதவு திறந்திருக்கிற ஒவ்வொரு நொடியும் குளிர்காற்று உள்ளே பாய்ந்து, சூட்டை வாரிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகிறது. ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய ஆறு கிலோ காற்று வேண்டும். கையால் விறகு போடும் அடுப்பில் அதைவிடப் பாதியளவு கூடுதலாகக் கொடுத்தாக வேண்டியிருக்கும். அதற்கும் மேலே போகிற காற்றெல்லாம் வெந்நீர்க் குளியல் போட்டுவிட்டு வெளியேறுகிற விருந்தாளிதான். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். புகையே தெரியாத புகைபோக்கியைக் கண்டு மகிழ்ந்துபோகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. விசிறியை முழுக்கத் திறந்துவிட்டு, தேவைக்கு இரண்டு மடங்கு காற்றை ஊதினாலும் புகை தெரியாது. மெலிதாக, பழுப்பு நூல் இழுத்ததைப் போல ஒரு புகை தெரிகிற இடத்தில் காற்று வழியின் தடுப்புத் தகட்டை நிறுத்து என்பார் பெரியவர். பின்னாளில் ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் நுழைத்துப் பார்த்தபோது, அவர் நிறுத்திய இடத்துக்கும் கருவி சொன்ன இடத்துக்கும் இரண்டு விரற்கடை வேறுபாடுகூட இல்லை.

புகைபோக்கியில் ஒரு வெப்பமானி இருக்கும். பெரும்பாலான ஆலைகளில் அதன் கண்ணாடி கறுத்துப்போய் முள் தெரியாது. என்னைக் கேட்டால் அந்தக் கொட்டகையிலேயே அதிகம் பேசுகிற கருவி அதுதான். போகிற புகையின் சூடு 22 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் நெடுநாள் கணக்கு. பாய்லருக்குள் புகை ஓடும் குழாய்களைத் துலக்கிய திங்கட்கிழமை 200 டிகிரி காட்டுகிற முள், கரி படியப் படிய அடுத்தடுத்த வாரங்களில் 230, 260 என்று ஏறும். 280ஐத் தொட்டால் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக விறகை வானத்துக்கு அர்ச்சனை செய்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். குழாய் பிரஷ் போடுவது ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலை. கறுத்த கண்ணாடியைத் துடைப்பது அரை நிமிட வேலை. இரண்டாவதைச் செய்யாததால் முதலாவது தள்ளிப்போகிறது.

அடுப்புக் கதவைப் பற்றி இன்னொன்று. மின்சாரம் போய் விசிறி நின்ற நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, உள்ளே தேங்கிநின்ற வாயு குப்பென்று பற்றி முகத்தில் அடித்து, புருவம் இரண்டும் கருகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வலது முழங்கையில் இருக்கிற தழும்பும் அந்த வகைதான். கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முதலில் ஒரு விரல் அளவு திறந்து, மூச்சு விடுகிற நேரம் பொறுத்துவிட்டுப் பிறகு முழுதாகத் திறப்பது என்கிற பழக்கம் அந்தத் தழும்பு கொடுத்த பாடம்.

இனித் தண்ணீர். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதை அப்படியே பாய்லருக்குள் விட்டால் குழாயின் மேல் வெள்ளையாக ஒரு தோல் வளரும். கழற்றிய குழாய் ஒன்றை அறுத்துத் துண்டாக வைத்திருக்கிறேன்; புதிய முதலாளிகளைச் சந்திக்கப் போகும்போது பையில் எடுத்துப் போவேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான காறை. பார்க்கச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல அப்பாவியாக இருக்கும். எஃகு சூட்டைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் காறை கடத்தாது. நெருப்புப் பக்கத்துச் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே தேங்கும். விறகு கூடுதலாகச் செலவாவது முதல் நட்டம். இரும்பு தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டி மெத்துப்போய்ப் புடைத்துக்கொள்வது இரண்டாவது. முதல் நட்டத்தைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடிக்காவிட்டால், இரண்டாவதை ஊரே கண்டுபிடிக்கும்.

மென்னீராக்கும் தொட்டியில் உப்புக் கரைசல் விட்டு உயிரூட்டுவது இரவு ஷிப்டின் வேலை என்று எல்லா ஆலைகளிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. இரவு ஷிப்டில் உப்பு மூட்டை தலையணையாகப் பயன்படுவதும் உண்டு. சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: ஒரு குடுவைத் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால், கடினத்தன்மை இருந்தால் திராட்சை ரசச் சிவப்பு, இல்லாவிட்டால் நீலம். உள்ளே போகிற தண்ணீரில் கரைந்திருக்கிற மற்ற உப்புகள் ஆவியோடு போகாமல் பாய்லருக்குள்ளேயே கெட்டியாகிக்கொண்டு வரும் என்பதால், அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டும் இருக்கவேண்டும். சிலர் அதை நேர்த்திக்கடன் போல மணிக்கணக்கு வைத்துத் திறப்பார்கள். அளந்து பார்த்துத் திறந்தால் வெந்நீரும் மிஞ்சும், பாய்லரும் நுரைக்காது.

இனிமேல் சொல்லப்போவதை நான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடத்தைக் கேட்கும். பாய்லருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டு கிலோ அழுத்தத்தில், 170 டிகிரி சூட்டில் நிற்கிற தண்ணீர், பாய்லர் உடைந்த நொடியில் அந்த இடத்தைக் கேட்கத் தொடங்கும். 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான் அடுத்த ஆண்டு வங்காளத்தில் முதல் பாய்லர் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923இல் வந்தது. அதற்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அதிகாரி வந்து, பாய்லரைத் திறந்து பார்த்து, சான்றிதழ் புதுப்பித்துத் தருவார். மற்ற 364 நாட்களும் அந்தச் சான்றிதழுக்கு உயிர் கொடுப்பது தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற ஒரு சாண் கண்ணாடிக் குழாய்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆலையில் சுற்றிப் பார்த்தபோது, மட்டம் குறைந்தால் விசிறியை நிறுத்தி மணி அடிக்கிற சுவிட்சின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு செம்புக் கம்பி. மிக நேர்த்தியாக, வளைத்துத் திருகி, மேலே டேப்கூடச் சுற்றியிருந்தது. யாரோ ரசித்துச் செய்த வேலை. கேட்டேன். "அடிக்கடி மணி அடித்துக்கொண்டே இருந்தது அண்ணா, சாயம் போடுகிறவர்கள் ஸ்டீம் குறைகிறது என்று சத்தம் போட்டார்கள்" என்றார் ஃபிட்டர். ஏன் அடிக்கடி அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரோடு ஏறி இறங்கி அந்தச் சுவிட்சை இயக்குகிற மிதவை இருக்கும் அறையில் சேறு அடைத்திருந்தது. நாளுக்கு ஒரு முறை வடித்துவிட வேண்டிய குழாய், கைப்பிடி உடைந்து, ஆறு மாதமாக அப்படியே இருந்தது. ஒரு கைப்பிடியின் விலை அன்றைக்கு இரண்டு டீ, ஒரு பஜ்ஜி.

கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால் கை தானாகப் பம்ப் சுவிட்சுக்குப் போகும். இயல்பு அது. வீட்டுத் தொட்டி காலியானால் மோட்டார் போடுகிறோம் இல்லையா? பாய்லரில் அதைச் செய்யக் கூடாது. தண்ணீர் இறங்கி, வெறுங்குழாய்கள் நெருப்பில் சிவந்திருக்கிற நேரத்தில் அவற்றின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால், இரும்பு சட்டெனச் சுருங்கும், தண்ணீர் சட்டென ஆவியாகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். விறகு போடுவதை நிறுத்தி, இரண்டு விசிறிகளையும் அணைத்து, அடுப்பின் மேல் ஈரச் சாம்பலை அள்ளிப் போட்டு மூடி, ஆட்களை விலக்கிவிட்டு, பாய்லர் தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். எரிவாயு பர்னர் என்றால் வால்வு மூடியதும் நெருப்பு இல்லை. விறகு அடுப்புக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. உள்ளே கிடக்கிற தணல், யார் சொன்னாலும் கேட்காமல் இன்னும் அரை மணி நேரம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் விறகுதான் என்பதால் இதை இரண்டு முறை சொல்கிறேன்.

கண்ணாடி பொய்யும் சொல்லும். மேலே ஆவி வருகிற வழி அடைத்துக்கொண்டால், குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, மட்டம் உயர்ந்து நிற்பதைப் போலக் காட்டும். உள்ளே வறட்சி, வெளியே வெள்ளம். அதனால்தான் ஷிப்டு மாறும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியின் மூன்று காக்குகளையும், அதாவது திருகுக் குழாய்களையும், ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, ஆவி வழியும் தண்ணீர் வழியும் தனித்தனியாக ஊதிச் சுத்தம்செய்து, தண்ணீர் துள்ளிக்கொண்டு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். துள்ளாமல் சோம்பலாக ஏறினால் ஏதோ அடைப்பு.

சாய ஆலைகளில் ஸ்டீமின் தேவை 2011க்குப் பிறகு கூடிப்போனது. அந்த ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டதும், கழிவுநீர் ஒரு சொட்டும் நொய்யலுக்குள் போகக் கூடாது என்கிற நிபந்தனையோடு பிறகு திறந்ததும் ஊரறிந்த கதை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவுநீரைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறைசொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கழிவுநீரை வடிகட்டி எஞ்சுகிற உப்புக் கரைசலை வற்றக் காய்ச்சுவதற்கு ஆவியாக்கிகள் வந்தன. அவற்றுக்கும் ஸ்டீம் வேண்டும். ஒரு கட்டத்தில் எழுந்த ஆவியை அடுத்த கட்டத்துக்கு அடுப்பாக்கிக்கொண்டு போகிற அமைப்பு என்பதால் ஒரு கிலோ ஸ்டீமுக்கு மூன்று கிலோவுக்குக் குறையாமல் தண்ணீரைக் காய்ச்ச முடிகிறது. முடிந்தும், ஆற்றைக் காப்பாற்றுவதற்கு விறகு எரிகிறது என்பதால் இங்கே வீணாகும் ஒவ்வொரு கிலோ ஸ்டீமும் எனக்கு இரண்டு மடங்கு உறுத்துகிறது.

துணியைச் சூடாக்கிவிட்டு ஸ்டீம் மறுபடியும் தண்ணீராகிறது. உப்பில்லாத, கொதிக்கக் கொதிக்க இருக்கிற நல்ல தண்ணீர். அதைப் பாய்லர் தொட்டிக்குத் திருப்பினால், உள்ளே போகும் நீரின் சூடு ஒவ்வொரு 6 டிகிரி உயர்வதற்கும் ஒரு சதவீதம் எரிபொருள் மிஞ்சும். 30 டிகிரிக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாக 85 டிகிரித் தண்ணீர் போனால் ஒன்பது சதவீதம். எங்கள் பக்கத்தில் பலர் அதைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சோம்பேறித்தனம் மட்டும் காரணமல்ல. சாய இயந்திரத்தின் சூடேற்றி ஓட்டையானால் சாயத் தண்ணீர் கலந்து பாய்லருக்கு வந்துவிடும் என்கிற பயம் நியாயமானது. திரும்பிவரும் குழாயில் உப்பை மோப்பம் பிடிக்கிற சிறிய மீட்டரைப் பொருத்தி, கலப்பு தெரிந்தால் மட்டும் சாக்கடைக்குத் திருப்பிவிடும் வால்வு வைத்தால் பயம் போய்விடும். வைத்துக்கொடுத்த இடங்களில் தொட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கசிவுகளைப் பற்றி நிறையப் பேசலாம், ஒன்று மட்டும். ஏழு கிலோ அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வழியாக மணிக்கு 30 கிலோ வரை ஸ்டீம் போகும். விறகாக மாற்றினால் நாளுக்கு 200 கிலோ. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஈரத் துண்டைக் காயப்போட்டு, "நமக்கு உலர்த்தும் செலவு இல்லை அண்ணா" என்று சொன்ன உதவியாளரை நான் மறக்கவில்லை. உறை போர்த்தாமல் விட்ட நாலங்குலக் குழாய், மீட்டருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வீதம் இரவு பகலாகக் கொட்டகையை இஸ்திரி போடுகிறது. துணியை எலும்பாக உலர்த்துவதும் அப்படித்தான். பருத்தி காற்றிலிருந்து எட்டரை சதவீதம் ஈரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டி விரட்டிய ஈரமெல்லாம், துணியை உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் வாடகை கொடுக்காமல் குடிவந்துவிடும்.

ஸ்டென்டர் என்றதும் அதற்குச் சூடு கொடுக்கும் தெர்மிக் ஆயில் அடுப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. 250 டிகிரிக்கு மேல் எண்ணெயைச் சுடவைத்துக் குழாயில் சுற்றவிடுவது. அழுத்தம் பெரிதாக இல்லை, ஆவி இல்லை, அதனால் பாய்லர் சட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை. அதுவே ஆட்களுக்கு ஓர் அலட்சியத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த எண்ணெய்க்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், சுருள் குழாய்க்குள் நின்ற இடத்திலேயே வெந்து, உடைந்து, கரியாகும். 2012இல் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிய காலத்தில் பம்ப் நிற்பதும் அடுப்பில் விறகு தணலாகக் கிடப்பதும் எத்தனை முறை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது முரண்டு பிடித்தால் டீசல் இன்ஜினில் ஓடும் மாற்றுப் பம்ப் இருக்க வேண்டும். அந்த இன்ஜினை வாரம் ஒரு நாள் ஓட்டியும் பார்க்க வேண்டும். எங்கள் ஆலையில் அது வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து, எலுமிச்சம்பழம் வைத்த கையோடு.

எண்ணெயில் தண்ணீர் புகுந்திருந்தால் இன்னொரு கூத்து. நூறு டிகிரியைத் தாண்டும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குதித்து, மேல்தொட்டியிலிருந்து எண்ணெயைக் கக்கவைக்கும். மழைக்காலத்துக்குப் பிறகோ பழுதுபார்த்த பிறகோ அடுப்பை மூட்டினால், அந்தக் கட்டத்தில் நிறுத்தி, பொறுமையாக ஈரத்தை வெளியேற்றிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். விளிம்பு மூட்டில் ஒரு சொட்டு கசிந்து கண்ணாடிப் பஞ்சு உறைக்குள் ஊறுவதும் கவனிக்க வேண்டியது. வெளியே தகரம் பளபளக்கும். உள்ளே பஞ்சில் ஊறிய எண்ணெய் மெல்ல மெல்லச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். தெரிந்தவர் ஒருவரின் ஆலையில் அப்படிப் பற்றியதை நள்ளிரவில் மணல் வாளியோடு நின்று பார்த்தேன். தகரத்தின் மூட்டுகளில் புகை கசிவதை அன்று சாயங்காலமே கவனித்ததாகவும், அதை ஸ்டீம் என்று நினைத்ததாகவும் காவலாளி சொன்னார்.

இந்தக் கொட்டகைகளில் இன்று நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்களில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். சுவரில் 14 அறிவுரைகள் தமிழில் எழுதித் தொங்குகின்றன. நான் போகிற இடங்களில் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்வதில்லை. ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க உதவும். அதோடு, கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் சிவப்புப் பெயின்டில் இரண்டு கோடுகள் இழுக்கச் சொல்கிறேன். மேல்கோட்டைத் தண்ணீர் தாண்டக் கூடாது, கீழ்க்கோட்டை விட்டு இறங்கக் கூடாது. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஒரு கை படம், பம்ப் சுவிட்சைத் தொடாதே என்று. வரைந்தவர் எங்கள் ஊர்ப் பேனர் ஓவியர். கைக்கு மோதிரமும் போட்டுவிட்டார்.

போன கார்த்திகையில் ஓர் இரவு, மணி இரண்டரை இருக்கும், போன் அடித்தது. ஒடிசாக்காரத் தம்பி. இருபத்திமூன்று வயது, தமிழ் தடுமாறித்தான் வரும். பாய்லரின் இரண்டு மட்டக் கண்ணாடிகளில் ஒன்று பாதி காட்டுகிறது, இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை, ஊதிப் பார்த்தேன், தண்ணீர் திரும்பி வரவில்லை, நெருப்பை மூடிவிட்டேன் என்றான். பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது: சாய இயந்திரத்தில் 600 கிலோ துணி பாதியில் நிற்கிறது, பாதி காட்டுகிற கண்ணாடி இருக்கும்போது காலிக் கண்ணாடியை ஏன் நம்பினான் என்று. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசினோம். நான் பேசியதைவிட அவர் பேசியதுதான் அதிகம்.

விடிந்தபின் போய்ப் பார்த்தோம். பாய்லரில் தண்ணீர் சரியாகவே இருந்தது. காலியாகக் காட்டிய கண்ணாடியின் கீழ்வழியில் சேறு அடைத்து, வடிகால் காக்கும் கசிந்துகொண்டிருந்தது. சுத்தம்செய்து, பேக்கிங் மாற்றி, மறுபடியும் மூட்டி ஸ்டீம் வர மதியம் ஆகிவிட்டது. துணியில் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்து, அடர்நிறத்துக்கு மாற்றி மறுசாயம் போட வேண்டியதாயிற்று. முதலாளி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் அந்த 600 கிலோவைத்தான் சொல்லுவார், பிறகுதான் டீ சொல்லுவார். தம்பியின் சம்பளத்தில் பிடித்தாரா என்று கணக்குப்பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். பிடிக்கவில்லை. காலிக் கண்ணாடியின் மேல் ஒரு மஞ்சள் துணி கட்டியிருக்கிறதே, அது யார் வேலை என்று தம்பியிடம் கேட்டேன். முதலாளியின் அம்மா வந்து கட்டிவிட்டுப் போனார்களாம்; மட்டம் மறைக்கிறது, அவிழ்த்துவிடட்டுமா அண்ணா என்றான். மேல்கோட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொன்னேன்.